நாலாம் பக்கத்தில் ஒரு துளை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். இந்தக் காட்டிலும் இருந்தது. ஓய்வு பெற்று, குகையில் படுத்து, மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தது. காட்டை ஆண்டது உயர் நீதிமன்றம். உயர் நீதிமன்றத்தை ஆண்டது அதன் மனுப் பிரிவு. மனுப் பிரிவை ஆண்டது அருணகிரி என்ற ஆமை.

வழக்குப் போட வேண்டுமென்றால் மனுவை அருணகிரியின் மேசையில் வைக்க வேண்டும். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறை பார்ப்பார். கிடைத்த குறையைச் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுப்பார். அதற்கு ‘ரிட்டர்ன்’ என்று பெயர். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால் மனுவுக்கு எண் போடுவார். எண் விழுந்தால்தான் நீதிபதி அதைக் கண்ணால் பார்ப்பார். எண் விழாத வரை அது வெறும் காகிதம். அதில் யார் எவ்வளவு அழுதிருந்தாலும் சரி.

அருணகிரி வேலையில் சேர்ந்து நூற்றுப் பத்து வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு மனுவுக்குக்கூட முதல் தடவையிலேயே அவர் எண் போட்டதில்லை. “குறையே சொல்லாம அனுப்பினா நான் படிக்கவே இல்லைன்னு ஆயிடும். அப்புறம் எனக்கு எதுக்கு இந்த நாற்காலி?” என்பார். ஆமைக்கு எதற்கு நாற்காலி என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவருடைய இந்த மனசைக் காட்டிலேயே சரியாகப் படித்தவர் ஒருவர்தான். ஏகாம்பரம் என்ற உடும்பு. வக்கீல் மகாலிங்கம் என்ற கரடியின் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாகக் குமாஸ்தா. மற்ற குமாஸ்தாக்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து, குறையில்லாத மனுவைக் கொண்டுபோய் வைப்பார்கள். அருணகிரி தேடுவார். தேடத் தேட அவருக்குக் கோபம் வரும். கடைசியில் ஓரத்தில் விட்ட இடம் அரை விரல் குறைவு, வரைபடத்தில் வடக்கு எது என்று காட்டவில்லை என்று ஒன்பது குறை எழுதி, பத்து நாள் கழித்துத் திருப்புவார்.

ஏகாம்பரம் மனுவைப் பிசகில்லாமல் தயாரிப்பார். பிறகு ஏழாம் பக்கத்தில் மட்டும் சீனியரின் கையெழுத்தை வாங்காமல் விட்டுவிடுவார். அருணகிரி அதை மூன்றாவது நிமிஷம் கண்டுபிடிப்பார். “என்னப்பா ஏகாம்பரம், இத்தனை வருஷ சர்வீஸ், இதைப் பார்க்க மாட்டியா?” என்று சந்தோஷமாகத் திட்டுவார். ஏகாம்பரம் தலையைச் சொறிந்துகொண்டு, “வயசாயிடுச்சுங்க” என்பார். வாசலில் உட்கார்ந்திருக்கும் கரடியிடம் கையெழுத்து வாங்கிப் பத்து நிமிஷத்தில் மறுபடி கொடுப்பார். எண் விழுந்துவிடும்.

இந்த ரகசியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அருணகிரியின் காதுக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். இதெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும்படியான திறமைதானா என்று அவருக்கே சந்தேகம் என்பது இன்னொரு காரணம். மகாலிங்கமோ, தன் மனுக்களுக்குச் சீக்கிரம் எண் விழுவது தன்னுடைய ஆங்கிலத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்படி இருக்கையில், நிர்வாக ஆலோசனை சொல்ல ஒரு கொக்கு வந்தது. பெயர் சித்தார்த். மேசைமேல் ஒற்றைக் காலில் நின்றபடி அலுவலகத்தை மூன்று நாள் பார்த்தது. எதுவும் பேசவில்லை. நாலாம் நாள் பேசியது.

“சார், உங்க ஆபீஸ்ல வக்கீல் மூணு பேர். வக்கீல் இல்லாதவங்க பதினோரு பேர். மரங்கொத்தி டைப் அடிக்கிறாங்க, ஓகே. தூக்கணாங்குருவி கட்டு தைக்கிறாங்க, ஓகே. இவர் என்ன பண்றார்?” என்று அலகை ஏகாம்பரத்தின் பக்கம் நீட்டியது.

“அவர்தான் எல்லாத்தையும் பாத்துக்கறார்,” என்றார் மகாலிங்கம்.

“எல்லாம்னு ஒரு வேலை கிடையாது சார்.”

கரடிக்கு இது மிகவும் ஆழமான வாக்கியமாகப் பட்டது. அன்றைக்கே முடிவாயிற்று. டைப் அடிப்பது, பக்க எண் போடுவது, கட்டு தைப்பது, மனுப் பிரிவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எல்லாவற்றையும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவது. வக்கீல்கள் வாதாடுவதை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி ஒரு கரையான் புற்று.

ஒப்பந்தம் நாற்பது பக்கம். பன்னிரண்டாம் பிரிவு, வாடிக்கையாளர் ஒப்பந்தக்காரரைத் தின்னக் கூடாது என்றது. கரடிக்கும் உடும்புக்கும் கரையான் என்றால் உயிர் என்பதால் இது தேவைப்பட்டது. பதின்மூன்றாம் பிரிவு, ஒப்பந்தக்காரர் வாடிக்கையாளரின் தாளைத் தின்னக் கூடாது என்றது. இரண்டு தரப்பும் எச்சில் விழுங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள்.

கதை எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. வழக்குக் கட்டைக் கரையானிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று சிரிக்கிறீர்கள். ஒன்றும் ஆகவில்லை. கரையான்கள் ஒரு தாளின் ஓரத்தைக்கூட நக்கிப் பார்க்கவில்லை. மாறாக, அந்தக் காடு அதுவரை பார்த்திராத மனுக்களைச் செய்து அனுப்பின. எழுத்துப்பிழை இல்லை. வரிக்கு வரி இடைவெளி அளந்து வைத்ததுபோல் இருந்தது. வரைபடத்தில் வடக்கு மட்டுமல்ல, தென்கிழக்குக்கூடக் காட்டப்பட்டிருந்தது.

மரங்கொத்தியும் தூக்கணாங்குருவியும் மற்றவர்களும் வீட்டுக்குப் போனார்கள். ஏகாம்பரத்தை மட்டும் ‘ஒருங்கிணைப்பாளர்’ என்று வைத்துக்கொண்டார்கள். வேலை நடக்கிறதா என்று மணிக்கொரு தரம் கம்பெனியைக் கேட்டு, நடக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக அவர் மத்தியானம் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டார். அது அவருக்குப் பிடிக்கவேயில்லை.

கம்பெனியின் சார்பில் தினமும் ஓர் ஈசல் வந்து ஜன்னலில் உட்காரும். முதல் நாள் வந்தவள், “வணக்கம் சார், நான் நந்தினி. உங்க கணக்கை நான்தான் கவனிச்சுக்கப் போறேன்,” என்றாள். ஏகாம்பரம் மனுப் பிரிவின் வழக்கங்களை எல்லாம் அவளுக்குப் பொறுமையாக விளக்கினார். நன்றாகப் புரிந்துகொண்டாள். மறுநாள் அதே ஜன்னலில், “வணக்கம் சார், நான் நந்தினி,” என்று குரல் கேட்டது.

“நேத்தே சொன்னீங்களேம்மா.”

“அது நேத்து நந்தினி சார். ஈசலுக்கு ஒரு நாள்தானே? அவங்க சாயங்காலமே முடிஞ்சுட்டாங்க. உங்களுக்குக் குழப்பம் இருக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரே பேர் வெச்சிருக்கோம். சொல்லுங்க, உங்க ஆபீஸ்ல என்ன வேலை நடக்குது?”

ஏகாம்பரம் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை பொற்கொடி என்ற முள்ளம்பன்றி அலுவலகத்துக்கு வந்தாள். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. சரிவில் அவளுக்கு ஒரு வளை. அவள் அம்மா தோண்டியது. உள்ளே பிறந்து ஒன்பது நாளே ஆன இரண்டு குட்டிகள். காட்டுப் பாதைத் துறை பாதையை அகலப்படுத்தப் போகிறதாம். வேலாயுதம் என்ற யானை வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறது.

“ரொம்ப மரியாதையாத்தான் பேசுச்சுங்க. ‘வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு வந்து மிதிச்சிடுறேம்மா, சாமான் செட்டெல்லாம் எடுத்து வெச்சிடுங்க’ன்னுச்சு. நான் எங்கங்க போவேன்? சரிவுக்கு அந்தப் பக்கம் சிறுத்தை இருக்கு. குட்டிங்களுக்கு முள்ளு இன்னும் கெட்டிப்படலைங்க.”

மகாலிங்கம் கேட்டுக்கொண்டார். வழக்கில் பலம் இருந்தது. துறை அவளுக்கு நோட்டீஸே கொடுக்கவில்லை. “இதுக்கு ஸ்டே கிடைக்கும்மா. வெள்ளிக்குள்ள வாங்கிடலாம். இப்ப நம்ம ஆபீஸ் முன்ன மாதிரி இல்ல,” என்றார்.

அது உண்மைதான். பகலுக்குள் மலைக்கு அந்தப் பக்கம் விவரம் போயிற்று. சாயங்காலம் மனு தயாராகி வந்து, பொற்கொடியும் கரடியும் கையெழுத்துப் போட்டார்கள். செவ்வாய் காலை பத்தரைக்கு அருணகிரியின் மேசையில் இருந்தது. பொற்கொடி வாசலில் காத்திருந்தாள். ஏகாம்பரமும் போய் எட்டிப் பார்த்தார். ஏழாம் பக்கத்தில் கையெழுத்து இருந்தது. எல்லாப் பக்கத்திலும் இருந்தது.

அருணகிரி மனுவை முன்னாலிருந்து பின்னால் படித்தார். பின்னாலிருந்து முன்னால் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் அதே கம்பெனியிலிருந்து வந்த இருநூற்றுப் பதினோரு மனுக்கள் ஏற்கெனவே அடுக்கியிருந்தன. ஒன்றிலும் குறை கிடைக்கவில்லை. ஒன்றுக்கும் எண் விழவில்லை.

“ஏகாம்பரம், இது யார் பண்ணினது?” என்று மெல்லக் கேட்டார்.

“வெளியில கொடுத்திருக்கோங்க.”

“ஏதோ தப்பு இருக்கு. இல்லாம இவ்வளவு சரியா இருக்காது. நான் விடமாட்டேன்,” என்று சொல்லி, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓட்டுக்குள் போய்விட்டார். அன்று முழுக்க வெளியே வரவில்லை.

பொற்கொடி ஏகாம்பரத்தைப் பார்த்தாள். “என்னங்கண்ணே, பேப்பர்ல எதாச்சும் தப்பாயிடுச்சா?”

“தப்பா இருந்தா பரவாயில்லையேம்மா,” என்றார். அவளுக்குப் புரியவில்லை. அவருக்குச் சொல்லவும் தெம்பில்லை.

நேரே சீனியரிடம் போனார். “ஐயா, அந்தப் பொற்கொடி மனுவுல ஒரு சின்னக் குறை வேணுங்க. இல்லைன்னா வெள்ளிக்குள்ள எண் விழாது.” மகாலிங்கம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பேசுகிறார் என்று நினைத்தார். “ஏகாம்பரம், ரெண்டு நாள் லீவு எடுத்துக்கங்க,” என்றார்.

ஏகாம்பரம் லீவு எடுக்கவில்லை. புதன்கிழமை வந்த நந்தினியிடம் கெஞ்சாத குறைதான். “அம்மா, திரும்ப வாங்கி, ஒரே ஒரு பக்கத்துல ஏதாவது தப்புப் பண்ணிக் கொடுங்கம்மா. ஒரு கால் எழுத்து விட்டாலும் போதும்.”

“தப்பு எங்க சேவையில வராது சார். வேணும்னா தனிக் கோரிக்கையா கொடுக்கலாம். அதுக்கு ஒரு படிவம் இருக்கு,” என்றாள் நந்தினி.

படிவம் ஆறு பக்கம். என்ன வகைப் பிழை, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், பிழைக்குப் பொறுப்பு யார் என்றெல்லாம் கேட்டிருந்தது. ஏகாம்பரம் ‘நாலாம் பக்கத்தில் ஒரு துளை’ என்று எழுதி, மளமளவென்று நிரப்பிக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அது திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் பக்கத்தில் தேதி போடவில்லை. இருபத்தாறு வருஷத்துக் கைப்பழக்கம் தன்னையறியாமல் ஒரு கட்டத்தை விட்டுவிட்டிருந்தது. தன்னையே திட்டிக்கொண்டு தேதியைப் போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் பதில் வந்தது. கோரிக்கை ஏற்கப்பட்டது, ஐந்து வேலை நாளில் பிழை செய்து தரப்படும்.

ஐந்து வேலை நாள் கழித்து அங்கே வளை இருக்காது, தார் இருக்கும். ஏகாம்பரத்துக்கு அன்று சோறு இறங்கவில்லை. பொற்கொடியின் குட்டிகளை அவர் பார்த்ததில்லை. ஆனாலும் முள் கெட்டிப்படாத குட்டி எப்படியிருக்கும் என்ற நினைப்பு அவரை விடவில்லை.

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக மனுப் பிரிவுக்குப் போனார். அருணகிரி கண் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

“கிடைச்சுதாங்க?”

“இல்லப்பா. எனக்குப் பார்வை போயிடுச்சோன்னு பயமா இருக்கு.”

ஏகாம்பரம் நாக்கை ஒரு தரம் வெளியே நீட்டி உள்ளே இழுத்தார். யோசிக்கும்போது அது அவர் வழக்கம். “கையெழுத்து மனுதாரரோடதுதானான்னு பாத்தீங்களா?” என்று கேட்டார்.

அருணகிரியின் தலை ஓட்டை விட்டு ஒரு சாண் வெளியே வந்தது. “பாக்கலையே! கூப்பிடு அந்தம்மாவை!”

பொற்கொடி வந்தாள். அருணகிரி மனுவைப் பிரித்து நாலாம் பக்கத்தைக் காட்டி, “இது உங்க கையெழுத்துதானாம்மா?” என்றார். அவள் குனிந்து பார்த்து, “ஆமாங்க,” என்றாள். அருணகிரியின் முகம் வாடிவிட்டது. இன்னொரு நொடி போனால் மனுவை மூடியிருப்பார்.

ஏகாம்பரம் பொற்கொடியின் காதருகே குனிந்து சொன்னார். “அம்மா, யானை இன்னைக்கே கிளம்பிடுச்சாம். உங்க வளைப் பக்கம் போயிட்டிருக்காம்.”

பொற்கொடிக்கு மேலெல்லாம் முள் சிலிர்த்துக்கொண்டது. பயந்தால் முள்ளம்பன்றி அப்படியே திரும்பி முதுகைக் காட்டும். அவளும் திரும்பினாள். முதுகு முட்கள் மேசையை ஒரு வீச்சு வீசின. சிவப்பு மைக்கூடு உருண்டது. மனுவின் நாலாம் பக்கத்தில், பெரிய முள் ஒன்று இந்தப் பக்கம் புகுந்து அந்தப் பக்கம் வந்தது.

“என் குட்டிங்க!” என்று அலறிக்கொண்டு அவள் வாசலுக்கு ஓடினாள். ஏகாம்பரம் பின்னாலேயே ஓடிப் பிடித்து நிறுத்தினார். “பொய்ம்மா. பொய் சொன்னேன். யானை நாளைக்குத்தான் வரும். குட்டிங்களுக்கு ஒண்ணும் ஆகலை. என்னை மன்னிச்சிடும்மா.” அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் கூசும். ஒரு தாய் வயிற்றில் தீ வைத்துத்தான் அந்தத் துளை கிடைத்தது.

உள்ளே அருணகிரி வேறு உலகத்தில் இருந்தார். தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, துளை வழியாக ஒற்றைக் கண்ணால் ஏகாம்பரத்தைப் பார்த்தார். “நாலாம் பக்கம் சேதம்! மூணு நாளா நான் சொன்னேனே, ஏதோ இருக்குன்னு!” சிந்திக் கிடந்த சிவப்பு மையிலேயே பேனாவைத் தோய்த்து எழுதினார். ‘பக்கம் நான்கில் துளை. சரிசெய்து தருக.’ ரிட்டர்ன்.

மறுபடி மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினால் இன்னொரு படிவம். ஏகாம்பரம் வேப்பம்பிசினில் ஒரு துண்டுத் தாளைத் தோய்த்துத் துளைக்குப் பின்னால் ஒட்டினார். கான்டீனில் தேன் வடை தின்றுகொண்டிருந்த மகாலிங்கத்திடம் ஒட்டின் ஓரத்தில் சுருக்கொப்பம் வாங்கினார். “என்ன இது, ஒட்டுப் போட்டிருக்கு?” என்றார் கரடி. “அப்புறம் சொல்றேங்கய்யா, வாயைத் துடைச்சிட்டுக் கோர்ட்டுக்கு வாங்க,” என்றார் குமாஸ்தா. பன்னிரண்டு மணிக்கு எண் விழுந்தது. மூன்றரைக்கு நீதிபதி காட்டெருமை மனுவைப் பார்த்தார். நோட்டீஸ் இல்லாமல் எப்படி மிதிப்பீர்கள் என்று அரசு வக்கீலைக் கேட்டார். அரசு வக்கீல் விவரம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு இடைக்காலத் தடை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வேலாயுதம் சரியாக வந்தது. பொற்கொடி உத்தரவு நகலை வளை வாசலில் நீட்டினாள். யானை அதை இரண்டு முறை படித்துவிட்டு, “சரிம்மா. அப்ப ரெண்டு வாரம் கழிச்சு வரேன். குட்டிங்க சௌக்கியமா?” என்று விசாரித்துவிட்டு வந்த வழியே போயிற்று.

இதோடு கதை முடிந்திருந்தால் உழைப்பே உயர்வு என்று ஏதாவது சொல்லிவிட்டு நானும் எழுந்து போயிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை கொக்கு அறிக்கையோடு வந்துவிட்டது.

“ரிசல்ட் சூப்பர் சார். மொத்தம் இருநூத்திப் பன்னிரண்டு மனு. இருநூத்திப் பதினொண்ணுல பிழை பூஜ்யம். ஒரே ஒரு மனுவுலதான் பிழை, நாலாம் பக்கத்துல துளை. அதுவும் கம்பெனி தப்பு இல்ல. உங்க ஒருங்கிணைப்பாளர் பக்கத்துல இருந்தப்ப நடந்திருக்கு.”

“அந்த ஒண்ணுக்குத்தானே சித்தார்த் உத்தரவு வந்திருக்கு?” என்றார் மகாலிங்கம் தயக்கத்தோடு.

கொக்கு அறிக்கையை மேலும் கீழும் பார்த்தது. “உத்தரவுக்கு இதுல கட்டம் இல்லையே சார்.”

கட்டம் இல்லாததைப் பற்றிப் பேசி என்ன பயன்? ஏகாம்பரத்தை வேலையிலிருந்து நீக்குவது என்று தீர்மானமாயிற்று. பணிநீக்கக் கடிதத்தைக் கரையான்களே தயாரித்து அனுப்பின. அழகான கடிதம். பெற்றுக்கொண்டதாக அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் அன்றோடு சரி.

ஏகாம்பரம் கடிதத்தை வாங்கிக்கொண்டு தன் மேசையில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. கொஞ்சம் அழுதார். பிறகு பழக்க தோஷத்தில் கடிதத்தைப் புரட்டிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை. மறுபடி பார்த்தார். சாயங்காலம் வரை பார்த்தார். இருபத்தாறு வருஷம் அருணகிரியின் எதிரில் நின்றவர் அவர்; தேடினால் கிடைக்காத குறை ஒன்று இந்த உலகத்தில் உண்டா? ‘இணைப்பு ஒன்று என்று குறிப்பிட்டுள்ளது, இணைப்பு என்னவென்று குறிப்பிடவில்லை’ என்று சிவப்புப் பென்சிலால் எழுதினார். கடிதத்தைச் சீனியரின் மேசையில் திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை மகாலிங்கம் அலுவலகத்துக்குள் நுழைய முடியவில்லை. இருநூற்றுப் பதினோரு கட்சிக்காரர்களும் வாசலில் நின்றார்கள். முயல், கீரி, காட்டுக்கோழி, ஒரு மலைப்பாம்புக் குடும்பம். பொற்கொடிக்கு மட்டும் எப்படி நம்பர் ஆயிற்று என்று ஒரே கூச்சல். கரடி பின்வாசல் வழியாக ஏகாம்பரத்திடம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“ஏகாம்பரம், அந்த மனுவுல நீங்க என்னதான் பண்ணினீங்க?”

ஏகாம்பரம் இருபத்தாறு வருஷ ரகசியத்தை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார். எண் விழுந்தது தன் ஆங்கிலத்தால் இல்லை என்பது கரடிக்கு மிகவும் வலித்தது.

“மத்ததுலயும் ஏதாவது பண்ண முடியுமா?” என்றார் கடைசியில்.

“பண்ணலாங்கய்யா. ஆனா நான் டிஸ்மிஸ் ஆகணுமே.”

மகாலிங்கம் மேசையில் கிடந்த கடிதத்தையும் அதிலிருந்த சிவப்புக் குறிப்பையும் பார்த்தார். அவரும் வக்கீல்தானே. “இணைப்பு என்னன்னு தெரியாம எப்படி டிஸ்மிஸ் பண்றது? அது பாட்டுக்கு இருக்கட்டும். சரிபண்ணி வரச் சொல்லி அனுப்பிடுவோம்,” என்றார்.

இதற்கிடையில் ஐந்து வேலை நாள் முடிந்து, கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. ஏகாம்பரம் கேட்ட பிழையை அடுத்து வந்த எல்லா மனுவிலும் சேர்த்துவிட்டது. நாலாம் பக்கத்தில் ஒரு துளை, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில், வட்டமாக. கரையானுக்குத் துளை போடச் சொல்லித் தரவா வேண்டும்? அருணகிரி முப்பது மனுக்களைப் பார்த்துவிட்டு, இது ஏதோ புதுப் படிவம் போலிருக்கிறது என்று முடிவு கட்டினார். மறு வாரமே சுற்றறிக்கை போட்டுவிட்டார். இனி எல்லா மனுக்களிலும் நாலாம் பக்கத்தில் துளை கட்டாயம். கம்பெனியின் மனுக்கள் பழையபடி பிழையற்றவை ஆயின. பழையபடி அலமாரி ஏறின.

கொக்கு இன்னொரு அறிக்கை கொடுத்தது. ஒப்பந்தத்தை மூன்று வருஷம் நீட்டித்தார்கள்.

ஏகாம்பரம் தன் மேசையிலேயே இருக்கிறார். அலமாரியில் ஏறும் மனுக்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒன்றில் துளையை அடைக்கிறார், ஒன்றில் காப்பி சிந்துகிறார், ஒன்றில் பதினோராம் பக்கத்தைத் தலைகீழாகத் தைக்கிறார். அருணகிரி திட்டுகிறார். எண் விழுகிறது. மாதம் ஒரு தடவை மலைக்கு அந்தப் பக்கமிருந்து அவருடைய பணிநீக்கக் கடிதம் திருத்தப்பட்டு வருகிறது. அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருகிறார்.

பொற்கொடி இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறாள். தடையை நீட்டிக்க ஒரு மனு. அதில் ஒரு குறை. ஒரு ரிட்டர்ன். ஓர் எண். அரசு வக்கீல் இன்னும் விவரம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். குட்டிகளுக்கு முள் கெட்டிப்பட்டு, பெரியவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். சின்னவன் வளையில் இன்னொரு அறை தோண்டியிருக்கிறான். வேலாயுதம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பத்து மணிக்கு வந்து, உத்தரவைப் படித்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. அந்தப் பொய்யைப் பொற்கொடி மன்னித்துவிட்டாளா என்று ஏகாம்பரம் கேட்டதில்லை. வரும்போது கிழங்கு கொண்டுவருகிறாள். அதை வைத்து அவர் ஊகித்துக்கொள்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை மனுப் பிரிவின் வாசலில் இருவரும் ரிட்டர்னுக்காகக் காத்திருந்தார்கள். பொற்கொடி ஏதோ யோசனையில் இருந்தவள், “ஏண்ணே, நம்ம கேஸு எப்பண்ணே முடியும்?” என்றாள்.

ஏகாம்பரம் பதறிப்போய் நாலு பக்கமும் பார்த்தார். யாரும் கேட்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அவள் பக்கம் குனிந்தார்.

“அப்படியெல்லாம் வாயில வரக் கூடாதும்மா.”

நீதி: வேலையை முடித்துத் தருகிறவர்களை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற ஒருவரை மட்டும் எப்பாடு பட்டாவது உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.